எதோடு கட்டுவது

மூன்றாம் முறையாகத் தளர்ந்துவிட்டது.
ஒரு நட்டு ஹிக்கின்சன் நெடுஞ்சாலையில் எங்கோ
விழுந்தே போயிற்று.
சில்வர்கிளென் ஏற்றத்தில்தான் காதில் பட்டது:
பானட்டுக்குள் பல்லி கத்துவதுபோல்
டிக், டிக், டிக்.
மிதித்தால் அவசரமாய்,
காலை எடுத்தால் யோசித்து யோசித்து.

கார் சின்னதுதான்.
தொண்ணூற்றொன்றாம் வருடத்து வெள்ளை கோல்ஃப்.
டர்போதான் அதன் தகுதிக்கு மீறியது.
ஜேக்கப்ஸ் உடைசல் கடையில்
ஒரு லாரியின் விலாவிலிருந்து கழற்றி வந்தேன்.
எட்டுக் கிலோ இரும்பு
நாலு ஆணியில் தொங்குகிறது.
தணலாய்ச் சிவக்கிறது,
மழைத் தண்ணீர் பட்டுச் சுருங்குகிறது,
மறுபடி சிவக்கிறது.
எந்த ஆணி பொறுக்கும்?

"இன்னும் இறுக்கு" என்றான் பூபாலன் படையாச்சி.
எதற்கும் அவன் சொல்வது அதுதான்.
இறுக்கினேன்.
ஆணி கழுத்தோடு முறிந்து
பாதி உள்ளேயே தங்கிவிட்டது.
அதைத் துளைத்து எடுக்க
ஒரு ஞாயிற்றுக்கிழமையும் மூன்று டிரில் முனையும் போயின.

பிறகு எனக்கே ஓர் எண்ணம் வந்தது.
தொங்குவதால்தானே ஆடுகிறது?
கையகல இரும்புத் தகடு ஒன்றை வெட்டி
ஒரு முனையை டர்போவிலும்
மறுமுனையை காரின் உடம்பிலும் மாட்டி
அசையாமல் முடுக்கினேன்.
பாதி வெட்டில் மின்சாரம் போய்
கிரைண்டர் கையிலேயே மெல்ல நின்றதையும் சொல்ல வேண்டும்.
செல்போன் வெளிச்சத்தில் அரத்தால் தேய்த்து முடித்தேன்.
குரங்குக்கும் பயப்படாத பக்கத்து வீட்டு நாய்
அன்றிரவு முழுக்கக் குரைத்தது.

நாலே நாள்.
எக்ஸாஸ்ட் குழாயின் வளைவில்
தலைமுடி போல ஒரு விரிசல்.

சிபோங்கிலேயிடம் வெல்டிங்குக்குக் கொண்டுபோனேன்.
முகமூடியைத் தூக்கி என் தகட்டைப் பார்த்தாள்.
நாக்கைச் சொடுக்கி "சா" என்றாள்.
அவள் மொழியில் அது 'இல்லை'.
என் காதில் வேறு மாதிரி விழுந்தது,
காருக்கும் சேர்த்துத்தான்.

கிளட்சை விட்டுக் காட்டச் சொன்னாள்.
ரப்பர் மெத்தையில் இன்ஜின்
உடம்பைத் திருப்பிப் படுக்கிறவனைப் போல
ஒரு விரற்கடை சாய்ந்து மீண்டது.
கார் சாயவில்லை.
நடுவில் என் தகடு.
ஆடுகிறதை ஆடாததோடு கட்டினால்
நடுவில் இருப்பதுதானே கிழியும்?
அவள் அதைச் சொல்லவில்லை.
விரிசலில் நகத்தை ஓட்டிக் காட்டினாள், அவ்வளவுதான்.

புதுத் தகடு இன்ஜின் பிளாக்கிலேயே போய் மாட்டுகிறது.
அது குலுங்கினால் இதுவும் குலுங்கும்,
ஒரே பக்கமாய், ஒரே நேரத்தில்.
சூட்டில் இரும்பு வளரும் என்பதால்
ஒரு துளையை நீளமாய் விட்டிருக்கிறாள்,
ஒரு நெல்மணி புரளும் அளவு.

காலை ஐந்தரைக்கு
பிராஸ்பெக்டன் வேலைக்கு ஓட்டிப் போகிறேன்.
கண்ணாடி நடுங்குகிறது.
லைசன்ஸ் வில்லை நடுங்குகிறது.
ஸ்டியரிங்கில் என் மோதிரம் பேசிக்கொண்டே வருகிறது.
டர்போவும் நடுங்குகிறதுதான்.
பல்லி மட்டும் இல்லை.

கோகிலாவின் நகப்பூச்சை எடுத்து
நட்டுக்கும் ஆணிக்கும் குறுக்கே
ஆளுக்கொரு சிவப்புக் கோடு போட்டிருந்தேன்.
கோடு உடைந்தால் நட்டு நகர்ந்திருக்கிறது.
மேலே இருந்தவை முதல் நாளே கருகிப் போயின.
பிளாக்கில் இருக்கும் மூன்றும் மிச்சம்.

நூற்றைம்பது கிலோமீட்டர் ஓடி
ஆறிய இன்ஜினுக்குள் டார்ச்சோடு குனிகிறேன்.
முதலாவது, ஒரே கோடு.
இரண்டாவதும்.
மூன்றாவது ஒரு மயிரிழை விலகினாற்போல் இருக்கிறது.
இல்லை, நான் பார்க்கும் கோணமோ.
தலையை இந்தப் பக்கம் சாய்க்கிறேன்.
அந்தப் பக்கம்.

உள்ளிருந்து கோகிலா கேட்கிறாள்,
பூச்சுப் புட்டி எங்கே என்று.
பதின்மூன்றாம் நம்பர் ஸ்பானரைத் தேடுகிறேன்.