ஏழாவது குடம்

படிவத்தில் அதற்கு ஒரே ஒரு கட்டம்தான்:
அன்றாடச் செயல்களில் பங்கேற்பு,
பூஜ்யத்திலிருந்து நாலு வரை.
தேசம்மாளுக்கு மார்ச்சில் பூஜ்யம் போட்டேன்.
ஏப்ரலில் ஒன்று.
கவர் ஒட்டும் மேசையில்
ஒரு மணி நேரத்துக்கு மூன்று கவர்.
யாருக்கு இது, என்று அன்று கேட்டாள்.
யாருக்கும் இல்லை, பயிற்சிக்கு, என்றேன்.
பிறகு அவள் பசையைத் தொடவே இல்லை.

மே மாதம் வீட்டுக்குப் போனேன்.
ஓட்டேரியில், ஸ்கூட்டியைத் திருப்ப முடியாத சந்து.
சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.
அண்ணி ஜெகதா நல்லவள்தான்.
"ஒரு வேலையும் வெக்கறதில்ல மேடம்.
மாத்திரைல கை நடுங்குது.
பாவம், உக்காரட்டும்னு விட்டுட்டோம்."
முதலில் அரிசி களைவது போயிருக்கிறது அவளிடமிருந்து.
பிறகு துணி மடிப்பது,
பால் கார்டு,
கடைசியாக, யாராவது கூப்பிட்டால் கதவைத் திறப்பது.
பாவம் என்ற ஒரு சொல்
அந்த வீட்டில் இத்தனை வேலையும் செய்துகொண்டிருந்தது.

மூலையில் கவிழ்ந்திருந்த நீலக் குடத்தைக் காட்டி
இது யாருடையது என்றேன்.
யாரும் பதில் சொல்லவில்லை.
தேசம்மாளின் கால் கட்டைவிரல் மட்டும் அசைந்தது.

தண்ணி லாரி திங்கள், வியாழன் வரும்,
வராமலும் போகும்.
குடங்கள் விடிகாலையிலேயே வரிசையில் நிற்கும்,
ஆள் இல்லாமல், ஆட்களைவிட ஒழுங்காக.
எங்கள் ஒப்பந்தம் இவ்வளவுதான்:
நிரப்ப வேண்டாம், தூக்க வேண்டாம்,
கொண்டுபோய் வைத்தால் போதும்.

முதல் வியாழன் வைக்கவில்லை.
அடுத்த வாரம் வைத்துவிட்டு ஓடி வந்துவிட்டாள்.
உள்ளே அவள் சுவரைப் பார்த்திருந்த அரைமணி நேரமும்
வெளியே அவள் குடம் நகர்ந்துகொண்டிருந்தது.
யாரோ ஒருத்தியின் புறங்கால்,
பிறகு வேறொருத்தியின்,
பேச்சை நிறுத்தாமல், குனிந்தும் பார்க்காமல்
ஒரு தள்ளு.
இதை எந்தக் கட்டத்தில் எழுதுவது?
ஆள் இல்லை. இடம் இருக்கிறது.

ஜூன் பத்தொன்பது, நானும் தெருவில் நின்றேன்.
மூணாம் வீட்டு லில்லி
தன் இரண்டு குடத்தை நடுவில் சொருகினாள்.
நீலம் ஏழிலிருந்து ஒன்பதுக்குப் போனது.
"இன்னா இது?"
எங்கிருந்து வந்த குரல் என்று நானே திரும்பிப் பார்த்தேன்.
"ஏயாவது என்னுது. எட்த்துனு போ உன்னோடத!"

லில்லி இடுப்பில் கைவைத்தாள்.
முழுத் தொண்டையில் தொடங்கினாள்.
பைத்தியம் என்று சொல்லவில்லை, கவனித்தேன்.
மற்றவர்களைத் திட்டும் அதே வார்த்தைகள்,
ஒன்றுகூடக் குறைக்காமல்.
தேசம்மாளும் குறைக்கவில்லை.
எட்டு மாதம் சேர்த்து வைத்தது போலிருந்தது.
ஜெகதா ஓடிவந்து என் கையைப் பிடித்தாள்:
"மேடம், ஊசி கீசி போடணுமா?"
இருங்க, என்றேன்.
இருங்க.

ஏழாவதாகத்தான் பிடித்தாள்.
முக்கால் குடம் நிரம்பி,
நடுங்கிய கையில் வாசலுக்குள் வரும்போது அரைக் குடம்.
ஜெகதா வாங்க வந்தபோது தரவில்லை.

பிற்பகல் வார்டில் படிவத்தை விரித்தேன்.
வாய்ச்சண்டை, ஆவேசம் என்றொரு கட்டம் இருக்கிறது;
அதில் எழுதினால் மருந்தின் அளவு கூடும்.
பேனா மூடியைக் கடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன்.
பங்கேற்பு: மூன்று.
மீதி ஒன்றை ஏன் பிடித்துவைத்தேன் என்று தெரியவில்லை,
பழக்கம்.

திங்கள்கிழமை லாரி வரவில்லையாம்.
பதினோரு மணிவரை எல்லோரோடும் நின்று
அவளும் திட்டினாளாம்.