கையெழுத்து

சியாத்தூராவில் ஆறு கறுப்பாகத்தான் ஓடும்.
ஓத்தியாவின் சட்டையை மூன்று தண்ணீர் அலசி
நாலாவதில் நிறுத்திக்கொள்வேன்.
போகாதது போகட்டும்.

மாங்கனீசுத் தூள்.
முப்பத்தொரு வருடம் மூச்சிலேயே
வீட்டுக்குக் கொண்டுவந்தான்.

குத்தாயிசியில் மருத்துவர்
மருந்துச் சீட்டின் பின்பக்கம்
ஒரு வட்டம் வரைந்தாள். இது நரம்புச் செல்.
உள்ளே இரவும் பகலும் கூட்டிப் பெருக்குவார்கள்,
உடைந்த புரதத்தைப் பையில் கட்டி
அமிலத்தில் கரைத்து
அதிலிருந்தே புதிது செய்வார்கள்.
இந்த உலோகம் நுழைந்து
அமிலம் வீரியம் இழந்துவிட்டது.
பை கட்டுகிறார்கள், கட்டிக்கொண்டே இருக்கிறார்கள்,
கரைக்க வழியில்லை.

நகராட்சிக் குப்பை லாரியில் வேலை செய்பவள் நான்.
அதற்குமேல் எனக்குச் சொல்ல வேண்டியதில்லை.
டீசல் இல்லாத அந்தக் குளிர்காலம்,
மூட்டைகள் படிக்கட்டு ஏறின.
பதினெட்டாம் நாள்
நாலாம் மாடிக் கதவு திறக்கவில்லை.

இப்போது குதிகால் தூக்கிச் சேவல்போல் வருகிறான்.
பின்னால் ஓரடி வைத்தால் விழுகிறான்.
எதிர்வீட்டு எலிக்கோ சிரித்தாள்,
அவன் முகம் திருப்பிச் சிரிக்காததைப் பார்த்து
நிறுத்திக்கொண்டாள்.

நேற்று சுரங்க அலுவலகம். இழப்பீட்டுத் தாள்.
பேனா பிடிக்கவே வெகுநேரம்.
முதல் எழுத்து பட்டாணி,
அடுத்தது கடுகு,
கடைசி எழுத்தை நான் தேடினேன்.

மேசைக்காரப் பையன்
பழைய சம்பளப் பதிவேட்டைத் திறந்தான்.
கட்டம் தாண்டி, பக்கத்து ஆளின் கட்டத்திலும்
கால் நீட்டிக் கிடந்தது
என் கணவன் பெயர்.

"கையெழுத்து பொருந்தவில்லையே" என்றான்.

ஆமாம் தம்பி.
அதைச் சொல்லத்தான் வந்தோம்.