பதினாறாம் பாகத்துக்கு மறுகா

சில்மியா பென்டிரைவில் போட்டுத் தந்தாள்.
"அழுவாய். ஆனா நல்லாயிருக்கும்" என்றாள்.
கச்சேரியில் பக்கத்து மேசைக்காரி,
காத்தான்குடியிலிருந்து ஸ்கூட்டியில் வருபவள்,
மாதத்தில் ஒரு வியாழன் நான் ஏன்
அரைநாள் லீவு எடுக்கிறேன் என்று
ஒருநாளும் கேட்காதவள்.

கொரிய நாடகத்தில்
மனநல டொக்டருக்கு ஒரு தனி அறை.
ஒரு பூச்சாடி, ஒரு யன்னல்,
ஒரே ஒரு நோயாளி.
அவள் பேசாமல் இருக்கிறாள்.
அவரும் பேசாமல் இருக்கிறார்.
வெளியே பனி கொட்டுகிறது.
நான் கீழே ஓடும் நேரத்தைப் பார்த்தேன்:
ஒரு நிமிடம் நாற்பது செக்கன்.

எங்கள் கிளினிக்கில்
அதற்குள் இரண்டு பேர் போய் வந்துவிடுவார்கள்.
டொக்டரில் பிழையில்லை.
வாங்கு முழுக்கச் சனம்.
வாகரையிலிருந்து முதல் பஸ்ஸில் வந்தவர்
என் தோளில் சாய்ந்து நித்திரை.
"நித்திரை வருதா? சாப்பிடுறீங்களா?"
போன மாதத்து மருந்தையே
கொப்பியில் திருப்பி எழுதும் பேனை.

ஐந்தாம் பாகத்தில்
அவன் குனிந்து அவளுடைய செருப்பு வாரைப் பூட்டினான்.
அந்த இடத்தில் கரண்ட் போனது.
லாப்டொப் பற்றரி முடியும் வரைக்கும்
நுளம்பு வலைக்குள் நாங்கள் மூன்று பேர்.

கீழே ஓடிய தமிழ் எங்கள் தமிழில்லை.
அவள் தன்னை
'மனம் உடைந்தவள்' என்கிறாள்.
இங்கே அதற்கு ஒரே சொல்தான்.
பக்கத்து வளவுக்காரி வேலிக்கு மேலால் எறிவாள்,
காதலிக்கிறவனும் கன்னத்தைக் கிள்ளி அதையே சொல்வான்:
போடி விசரி.

களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒரு பொருத்தம் வந்தது.
கோகுலதாசன். மின்சார சபை.
எனக்கென்று கட்டுகிற வீட்டுக்குக்
கூரை போட்டாயிற்று, யன்னல் இன்னும் பூட்டவில்லை.
அம்மா என் குளிசைகளை
விற்றமின் போத்தலுக்குள் மாற்றி வைத்தாள்.
"இப்ப வாயைத் திறவாத.
கலியாணம் முடியட்டும்,
மறுகா சொல்லலாம்."

பதினொராம் பாகத்தில்
ஒரே குடைக்குள் நின்று அவள் எல்லாவற்றையும் சொல்கிறாள்.
அவர்களுக்கென்றே ஒரு மழை.
எனக்குக் கிடைத்தது கச்சான் காற்று.
கல்லடிக் கடற்கரையில் பாவாடையை ஒரு கையால் பிடித்துக்கொண்டு,
வாய்க்குள் மண் நறநறக்க,
சொன்னேன்:
"ஒன்பது வருஷமாக் குளிசை குடிக்கிறன்.
ஒருக்கா வார்ட்டில இருந்த நான்."

பின்னணி இசை இருந்தது.
பாண் ஓட்டோ தன் ஒரே பாட்டோடு
றோட்டில் போய், கிறுகி, திரும்பி வந்தது.
கோகுலதாசன் கடலைப் பார்த்தான்.
மோட்டார்சைக்கிள் சாவியைப் பார்த்தான்.
நான் செக்கன்களை எண்ணினேன்.
கடைசியில் கேட்டான்:
"சாப்பாட்டுக்கு முதலா, மறுகாவா?"

சிரித்துவிட்டேன்.
அவன் சிரிக்கவில்லை. உண்மையாகத்தான் கேட்டிருக்கிறான்.
"சாப்பாட்டுக்கு மறுகா" என்றேன்.
தலையாட்டினான்.
இரண்டு மீன் பணிஸ் வாங்கி
ஒன்றை என்னிடம் தந்துவிட்டுப் போனான்.

பதினெட்டு நாள் ஆகிறது.
ஓமென்றும் வரவில்லை, இல்லையென்றும் வரவில்லை.
அம்மா என்னோடு கதைப்பதில்லை.
போத்தலிலிருந்த குளிசைகளை
எண்ணி எடுத்து
பெயர் எழுதிய பழைய உறைக்குள்ளேயே போட்டேன்.

சில்மியா கேட்டாள்: "கடைசிப் பாகம் பார்த்திட்டியா?"
இல்லை.
அதில் அவள் சுகமாகி விமான நிலையத்தில் ஓடுவாள்,
எனக்குத் தெரியும்.
ஓடட்டும்.

இன்று வியாழன்.
வாகரைக்காரர் வாங்கில் லேஞ்சி விரித்து
எனக்கு இடம் பிடித்து வைத்திருந்தார்.
"நித்திரை வருதா?"
வழக்கமாக ஓம் என்பேன்.
இன்று பேசாமல் இருந்தேன்.
பேனை பாதிச் சொல்லில் நின்றது.
வெளியே யாரோ இருமினார்கள்,
அடுத்த நம்பரைக் கூப்பிட மிஸ் வாய் திறந்தாள்.
டொக்டர் அவளுக்குக் கையைக் காட்டிவிட்டு
நிமிர்ந்து
என் முகத்தைப் பார்த்தார்.