ஈரம் காயாத கோடு

ஜெகதேவி யார்டில் முப்பத்தொரு வருஷம்
கல்லுக்குத் தண்ணீர் ஊற்றியவன் நான்.
குவாரியிலிருந்து இறங்கிய ஆளுயரக் கல்லின் மேல்
பக்கெட் பக்கெட்டாக ஊற்றிவிட்டு
ஒரு பீடி தீரும்வரை காத்திருப்பேன்.
மொத்த ஈரத்தையும் வெயில் குடித்த பிறகும்
மயிரிழை ஒன்று மட்டும் காயாமல் கிடக்கும்.
விரிசல் அங்கே.
சிவப்புச் சாக்பீஸில் ஒரு பெருக்கல் குறி.
அந்தக் கல் கப்பல் ஏறாது.

நாகவேணியின் தலையை
இருபத்துநாலு பலகையாக அறுத்து
வெளிச்சப் பெட்டியில் மாட்டியிருந்தாள் டாக்டர் பெண்.
கிருஷ்ணகிரியில் எங்கள் கேங்சா கூட
இவ்வளவு மெல்லிசாக அறுத்ததில்லை.
"இங்க பாருங்க. இங்க. இதோ இங்க."
கடுகைச் சிந்தினாற்போலப் பொட்டுகள்.
"சின்னச் சின்ன அடைப்பு.
கை இழுத்துக்காது, வாய் கோணாது,
வந்துட்டுப் போனதே தெரியாது.
படத்துல விழாத அளவுக்குப் பொடிசா
இன்னும் எத்தனை இருக்கோ, சொல்ல முடியல.
மறதி எப்பருந்து?"
மறதியா?
போன வாரம் பாத்ரூமில் வழுக்கினாள்,
அவ்வளவுதான் என்றேன்.
ப்ரெஷர் மாத்திரை ஒழுங்கா போட்டாங்களா என்றாள்.
தலை சுற்றாத நாளில் மாத்திரை எதற்கென்று
அட்டை அட்டையாக அரிசி டப்பாவில் சேமித்தவள்
பக்கத்தில் உட்கார்ந்து
அந்த ரூமின் ஃபேன் என்ன விலை இருக்கும்
என்று என்னைக் கேட்டாள்.

இருபத்திரண்டு பேர் சீட்டு அவளுடையது.
நோட்டு கிடையாது.
யார் எந்த மாதம் எடுத்தாள், எவ்வளவு தள்ளி எடுத்தாள்,
யார் வீட்டில் சாவு விழுந்து பத்து நாள் தவணை,
எல்லாம் தலைக்குள்.
வேப்பனப்பள்ளித் தெலுங்கில் எண்ணுவாள்,
தமிழில் கேட்பாள்,
இழுத்தடிப்பவளைக் கன்னடத்தில் திட்டுவாள்.

பத்தாம் தேதி.
அவள் தூங்கிப்போக, பணத்தை நான் எண்ணினேன்.
இரண்டாயிரம் அதிகம்.
திரும்ப எண்ணினேன். அதிகமேதான்.
ரத்னம்மா காலையில் வந்தாள்,
சாயங்காலமும் வந்தாளே.

பழையபேட்டைக்கு நடந்தேன்.
பூ கட்டிக்கொண்டிருந்தவள் பணத்தைப் பார்த்ததும்
நூலைப் பல்லில் கடித்து அறுத்தாள்.
"இந்த மாசம் அக்கா யாரையும் மறக்கலண்ணா.
அதான் மிஞ்சிடுச்சு."
எனக்குப் புரியவில்லை.
உள்ளே போய்ப் பள்ளிக்கூட நோட்டு ஒன்று கொண்டுவந்தாள்.
நாலைந்து கையெழுத்து.
"ரெண்டு தடவ கேட்டா ரெண்டு தடவ குடுத்துடறது.
அக்கா கேக்க மறந்தவங்க கணக்க அதுல கழிச்சுக்கறது.
அப்புறம் எங்களுக்குள்ள நேர் பண்ணிக்குவோம்.
மாசியிலருந்து இப்டித்தான்."
இது ஆனி.

வரும் வழியில் எங்கேயோ நின்றேன்.
ஓசூர் பஸ்கள் போய்க்கொண்டிருந்தன.
கண்ணுக்குத் தெரியாத கோட்டைக் காட்டிச் சம்பளம் வாங்கியவன்.
பூக்காரி பார்த்திருக்கிறாள்,
மாவு மில்காரி பார்த்திருக்கிறாள்.
என்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு
"நீங்க அவங்கள ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போவீங்க,
அக்கா சீட்ட நிறுத்திடும்" என்றாள்.
அதுவும் தப்புதான்.
நாலு மாத மாத்திரை உள்ளே போயிருக்கும்.
ஆனால் யாரிடம் போய்க் கோபப்படுவது?

இன்று தலைக்கு ஊற்றி
மொட்டைமாடியில் உட்கார வைத்தேன்.
எதிரே கோட்டை மலை காய்ந்து கிடந்தது.
முடி உலர்ந்துவிட்டது,
வகிடு மட்டும் இன்னும் ஈரம்.
பார்க்காதே என்று என்னையே அதட்டிக்கொண்டேன்.

அவள் திரும்பினாள்.
வாடிக்கையாளரைப் பார்க்கும் முகம்.
"இந்த மாசம் நீங்க கட்டலியே?"

சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன்.
ரத்னம்மாவின் நோட்டில் இனி இருபத்துமூன்றாவது பெயர்.
விரலை நாக்கில் தொட்டு எண்ணுகிறாள்
ஒகடி, ரெண்டு, மூடு, நாலுகு.
ஐநூறு ரூபாய்த் தாள் நாலு.
சரியாகத்தான் இருந்தது.