பத்தே கால் மணி

சிட்டியின் கன்று செத்து மூணு மாசம்.
வைக்கோல் கன்றை முட்டித் தள்ளிவிட்டது.
ஆனால் அலுமினிய வாளியின் பிடி
'ணங்' என்று விழுந்தால் போதும்,
மடி சுரந்துவிடும்.
சூளகிரி சொசைட்டிக்கு
நாளுக்கு ஏழு லிட்டர்.

"வாளிக்குப் பொறந்த மாடு" என்பார் திம்மராஜ்.
நானும் சிரித்திருக்கிறேன்.

பிள்ளைக்கு ஐந்தாம் மாசம்
ஓசூர்ப் பக்கம் கம்பெனிக்குத் திரும்பினேன்.
விடியுமுன் பஸ்.
செல்போன் பலகையில்
கடுகளவு திருகாணிகள்.
பத்தே காலுக்கு மணி அடிக்கும்:
டிங், டிங், டிங், பிறகு
ஒரு பெண் குரலில் இந்தி.
டீக்குப் போகிறவர்கள் போவார்கள்.
நான் மூன்றாவது கழிவறையில் தாழ்ப்பாள் போட்டு
கட்டிக்கொண்ட பாலைப்
பீங்கானில் பீய்ச்சுவேன்.
வெளியே முனிரத்னா காவல்.
பன்னிரண்டு நிமிஷம்.

முதலில் கை படவேண்டும்.
பிறகு தாழ்ப்பாள் சத்தம் போதும்.
ஆடி வந்தபோது
மணியே போதும் என்றாகிவிட்டது.
எழுந்து நடப்பதற்குள்
நீலச் சட்டையில் இரண்டு ஈர வட்டம்.

ஞாயிற்றுக்கிழமை
நிதர்ஷன் வாய் வைத்து இழுக்கிறான்.
வரவில்லை.
இழுத்து, விட்டு, என் முகத்தைப் பார்த்து,
மறுபடி இழுத்து
அழுகிறான்.
பூண்டு தின்றேன்.
பால்சுறாவுக்கு இந்த மேட்டு ஊரில் எங்கே போவது?
தொழுவத்தில் அசைபோட்டபடி
சிட்டி என்னையே பார்க்கிற மாதிரி இருந்தது.

முனிரத்னாவிடம் சொன்னேன்.
அவள் சிரிக்கவில்லை.
எங்கள் போன்கள் கேட்டோடு நின்றுவிடும்;
செக்யூரிட்டி மாதம்மா அக்கா
தன் போனில் பிடித்து அனுப்பினார்.

அடுத்த ஞாயிறு
கதவைச் சாத்திக்கொண்டு அழுத்தினேன்.
டிங், டிங், டிங்.
நெஞ்சுக்குள் ஊசி குத்தி
இறங்கிற்று பால்.
மடக் மடக்கென்று குடித்தான்,
அந்த இந்திக்காரி
என்னவோ சொல்லி முடித்த பிறகும்.
நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஆறு ஞாயிறு ஆகிறது.
இப்போதெல்லாம்
மணி கேட்டதும் கால் உதைக்கிறான்.

நேற்று ராத்திரி
சோறு பிசைந்தபடி திம்மராஜ் சொன்னார்:
பள்ளிக்கூடத்தில் கரண்டு மணி போட்டிருக்கிறார்களாம்,
உன் கம்பெனி மணி மாதிரியேதானாம்.
இடைவேளைக்கு அடித்ததும்
இவன்
வாயைத் திறந்து வைத்துக்கொண்டு
அவர் மடியில் கிடந்தானாம்.
ரொம்ப நேரம்
மூடவே இல்லையாம்.

"எத்தனை மணிக்கு?"
என்று கேட்டேன்.