இருபது பைசா வாசல்

ஆவணி பிறந்து கூழ் ஆலை ஓய்ந்த வாரம்
உட்கார்ந்து எண்ணினேன்:
ஒரே நாளில் நானூற்றுப் பன்னிரண்டு மின்மடல்.
எந்த நாட்டிலோ செத்த மந்திரியின் விதவை
தன் எட்டு மில்லியனை என்னிடம்தான்
ஒப்படைப்பேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.
முடி முளைக்கும். கடன் கிடைக்கும். இடுப்பு இளைக்கும்.
இந்த நெரிசலில் நசுங்கி
ராட்டர்டாமிலிருந்து ஒரு வரி:
புளிப்பு அளவு சரியில்லை,
இரண்டாவது கண்டெய்னரை நிறுத்தி வையுங்கள்.

நான் படித்தபோது
கண்டெய்னர் நடுக்கடலில்.

முதலாளி கத்தவில்லை. அதுதான் கஷ்டம்.
கால்குலேட்டரை என் பக்கம் திருப்பி வைத்துவிட்டு
டீ குடிக்கப் போய்விட்டார்.

ஓசூரிலிருந்து முனிரத்தினம் வந்தான்,
சர்வர் பார்க்கிறவன், பேச்சில் பாதி எண்கள்.
"ஒரு மடலும் ஓசி, ஒரு கோடி மடலும் ஓசி.
வியாதியே அதுதான் அக்கா."
முகம் தெரியாதவர் எழுதினால்
கிரிப்டோ காசில் ஒரு துணுக்கு,
நம் கணக்கில் இருபது பைசா,
வாசலில் வைக்க வேண்டும்.
நான் பதில் போட்டால் அவருக்கே திரும்பும்.
குப்பை என்று தள்ளினால் எனக்கு.
"கோடி மடலுக்கு இருபது லட்சம். எவன் கட்டுவான்?"

ஜன்னலுக்கு அப்பால் கிருஷ்ணகிரி சுங்கச்சாவடி.
பெங்களூர் லாரிகள் மூச்சு வாங்கி நின்று
ஒவ்வொன்றாய்க் கட்டிவிட்டு நகர்ந்தன.
புரிந்த மாதிரி இருந்தது.

மறுநாள் ஒன்பதே மடல்.
விதவையைக் காணோம்.
பொய் சொல்வானேன், கொஞ்சம் வெறிச்சென்றுதான் இருந்தது.
ஒன்பதில் ஆறு, காசு கட்டி வந்த குப்பை:
சூளகிரிப் பக்கம் மனை, நகைக்கடன்,
மறுபடி சூளகிரிப் பக்கம் மனை.
என் ஒரு நிமிடம் இருபது பைசாவுக்கு
மலிவு என்று கண்டுகொண்டவர்கள்.
ஏழாவது, பர்கூர் ஜவுளிக்கடை ஒன்றின் பெயரில்.
போன் போட்டால் கடைக்காரர் அழாத குறை.
எவனோ அவர் கம்ப்யூட்டருக்குள் புகுந்து
அவர் பர்ஸிலிருந்தே தபால்தலை ஒட்டியிருக்கிறான்.
அந்தப் பர்ஸையும்
முனிரத்தினம்தான் வைத்துக் கொடுத்தானாம்.

எட்டு நாளில் நான் தள்ளிய குப்பை ஐம்பத்தேழு.
சம்பாத்தியம் பதினோரு ரூபாய் நாற்பது பைசா.
ஒரு டீக்கு அறுபது பைசா துண்டு விழுந்தது.

ஒன்பதாம் நாள் திம்மராயன் நேரில் வந்தார்,
சந்தூருக்கு அப்பாலிருந்து இரண்டு பஸ் மாறி.
கையில் நாலாக மடித்த தாள்.
மகன் போனிலிருந்து அனுப்பிய மடல்
மூன்று முறை முட்டித் திரும்பியதாம்:
கட்டணம் இணைக்கப்படவில்லை.
பிரவுசிங் சென்டரில் அதையே பிரிண்ட் எடுத்து
தானே தபால்காரராகி வந்திருந்தார்.

நாங்க போட்டது நாலு டன் பெங்களூரா.
ரசீதுல மூணுன்னு இருக்குது.

பிரிண்டுக்குப் பத்து ரூபாய் இருந்தது அவரிடம்.
பஸ்ஸுக்கு நாற்பது இருந்தது.
இருபது பைசாதான்,
அந்த ஜாதிக் காசாக, இல்லை.

எடைமேடைச் சீட்டைத் துழாவினேன்.
நாலுதான்.

முனிரத்தினத்தைக் கூப்பிட்டேன்:
"சாவடி ஓரமா பைக்குக்கு ஒரு சந்து விட்டிருக்கான் பாரு,
காசு கேக்காம. அந்த மாதிரி ஒண்ணு வையேன்."
சிரித்தான்.
"வைக்கலாம் அக்கா.
நாளைக்கே அத்தனை லாரியும்
ரெண்டு சக்கரத்துல வரும்."
வேண்டுமானால் தெரிந்தவர்களை
ஒவ்வொருவராகக் கையால் சேர்த்துக்கொள்ளலாமாம்,
அவர்களுக்கு வாசல் சும்மா திறக்கும்.

திம்மராயன் என்று அடித்தேன்.
மடல் முகவரி கேட்டது கட்டம்.
"அது பையனுக்குத்தாம்மா தெரியும்."
நம்பர் சொன்னார், மனப்பாடமாக.
ஆபீஸ் போனிலிருந்து அழைத்தேன்.
மணி போனது, போனது.
மறுபடி போட்டேன். பாதியில் துண்டித்தான்.

திம்மராயன் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்:
"தெரியாத நம்பர்னா எடுக்க மாட்டாம்மா.
எல்லாம் லோன் வேணுமான்னுதான் கேக்கறாங்களாம்."