சாடு

எந்தக் கோவளம் என்று இவருடைய ஆபீசில் கேட்டார்களாம்.
சென்னைக்குப் பக்கத்தில் ஒன்று,
கன்னியாகுமரிக்குப் பக்கத்தில் ஒன்று.
நாங்கள் போனது
களியக்காவிளையில் பஸ் மாறிப் போகிற கோவளம்.
கலங்கரை விளக்கத்துக்குச் சிவப்பு வெள்ளைப் பட்டை.
அறை வாடகையைச் சொன்னதும்
மலையாளம் புரியாதவர் போல
இரண்டு முறை கேட்டார்.

பலகை எட்டடி, நீலம்.
தேங்காய் மணக்கும் மெழுகை அதன் முதுகில் தேய்த்தபடி
நீந்தத் தெரியுமா என்றான் க்ளீட்டஸ்.
தெரியும் என்றார் சாத்தூர்க்காரர்,
கிணற்றில் கற்றவர்களுக்கே உள்ள அழுத்தத்தோடு.

மணலில் குப்புறப் படுக்கவைத்து முதல் பாடம்.
நாற்பத்தாறு வயது, வாடகைக்கு எடுத்த இறுக்கமான பனியன்,
பக்கத்தில் இரண்டு ரஷ்யக்காரிகள்.
பார்க்காதே என்று கையைக் காட்டினார்.
நான் பார்த்தேன்.

இடுப்பளவுத் தண்ணீர்.
பின்னால் அலை வர, பலகையைத் தள்ளிவிட்டுக் கத்துகிறான்:
சாடு! சாடு சேட்டா!
இவர் படுத்தபடியே வந்து கரையில் முட்டினார்.
"யாரைச் சாடச் சொல்றான் இந்தப் பையன்?"

இவர் ஊரில் சாடுவது மேடையில், எதிர்க்கட்சியை.
எனக்குக் குழித்துறை. எங்கள் பக்கம்
மதில் சாடுவோம், ஓடை சாடுவோம்,
வண்டி நிக்கதுக்கு முன்ன சாடாத என்பார் கண்டக்டர்.
கல்யாணமாகிப் பத்தொன்பது வருஷம்.
இந்த ஒரு சொல்லுக்கு
வீட்டில் வேலையே வரவில்லை போலிருக்கிறது.

சாடுன்னா குதி, என்றேன்.
ஓ, என்றார்.
அடுத்த அலைக்கு
பலகையை விட்டுக் கடலுக்குள் குதித்தார்.

க்ளீட்டஸ் தலையில் கைவைத்துக்கொண்டான்.
ஆளில்லாத பலகை
என்ன அழகாக வந்து சேர்ந்தது கரைக்கு!

பதினாலாவது அலையில் நின்றாராம்.
நான் அப்போது எங்கள் பையை மோந்த நாயை
விரட்டிக்கொண்டிருந்தேன்.
முழங்கால் ஊன்றினார் என்றுதான் க்ளீட்டஸ் சொன்னான்,
ஆனால் சிரிக்காமல் சொன்னான்.

ராத்திரி, செக்போஸ்ட்டில் பஸ் நின்றது.
ஒருவர் டார்ச் அடித்துப் பைகளைத் தட்டிப் பார்த்துக்கொண்டு வந்தார்.
காலடியில் விழுந்த டிக்கெட்டை எடுக்க இவர் குனிந்தார்.
மூக்கு வழியே கொட்டியது
ஒரு கை அளவு கடல்.
பக்கத்து சீட்டு அம்மா முந்தானையை இழுத்துக்கொண்டு
ஜலதோஷமா என்று கேட்டார்.

நின்னேன், என்றார் இவர்.
சத்தியமா நின்னேன்.